பால் வேண்டாம் என்றவள்

நம் ஊரில் விருந்தின் தரத்தை அளக்கும் கருவி நெய்க் கரண்டிதான். இலையில் பருப்பு விழுந்தவுடன் அந்தக் கரண்டி எவ்வளவு சாய்கிறது என்று பார்த்தே வீட்டுக்காரரின் மனத்தை எடைபோட்டு விடுவோம். பெரிய ஓட்டல்காரர்களுக்கு இந்த ரகசியம் நன்றாகத் தெரியும். சாதாரண ஓட்டலில் எண்ணெயில் தாளிக்கிற அதே பருப்பு, குளிர்சாதன மண்டபத்துக்குள் நுழைந்ததும் வெண்ணெயில் குளிக்கிறது. மேலே பாலேடு வட்டம் போடுகிறது. விலையும் அதற்குத் தக்கபடி உயர்ந்து விடுகிறது.

அந்த மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு நெய், பால், தயிர் ஒன்றும் வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் என்ன ஆகும்? சர்வர் திகைத்துப் போவார். நம்மைப் பொறுத்தவரை சைவம் என்றால் பாலும் அதற்குள் அடக்கம். உணவுப் பொட்டலங்களில் போடுகிற பச்சைப் புள்ளியும் பாலைச் சைவத்தில்தான் சேர்க்கிறது. பாலையும் விலக்கியவர்களுக்கு 'வீகன்' என்று பெயர். 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்ஸன் என்பவரும் அவருடைய நண்பர்களும் சங்கம் ஆரம்பித்தபோது, 'வெஜிடேரியன்' என்ற சொல்லின் தலையையும் வாலையும் ஒட்டிச் செய்த பெயர் அது.

பெயர்தான் புதிது, எண்ணம் பழையது. காந்தியடிகள் 1912-லேயே தென்னாப்பிரிக்காவில் பாலை விட்டவர். பால் தொடுவதில்லை என்று விரதமே எடுத்துக்கொண்டார். 1918-ல் சீதபேதி கண்டு உயிருக்கே ஆபத்து வந்தபோது, ஆட்டுப்பால் விரதத்தில் சேராதே என்று கஸ்தூரிபா வழி காட்டினார். காந்திஜி குடித்தார், பிழைத்தார். ஆனால் விரதத்தின் எழுத்தைக் காத்து உயிரை விட்டுவிட்டோமே என்ற வருத்தம் அவரைவிட்டுப் போகவில்லை.

இதையெல்லாம் நான் படிக்க நேர்ந்தது என் அக்காள் மகளால். அக்காள் வாழ்க்கைப்பட்ட ஊர் ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி. தென்பெண்ணை பெங்களூர்ப் பக்கமிருந்து இறங்கி வந்து தமிழ்நாட்டில் முதலில் தங்குகிற அணை அங்கேதான் இருக்கிறது. அணையில் சில நாட்களில் வெள்ளை வெளேரென்று நுரை பொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கறந்த பால் போல இருக்கும். கிட்டப் போனால் நகரத்துக் கழிவு என்று மூக்கு சொல்லிவிடும்.

அத்தானுக்குக் கொஞ்சம் நிலம், இரண்டு கறவை மாடு. இப்போது உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டதால் காளைக் கன்றுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத வாய்க்கு யார் தீனி போடுவார்கள்? பிறந்த சில நாளிலேயே விலைக்குப் போய்விடும். கன்று போன இரவெல்லாம் தாய்ப்பசு கத்தும். அந்தக் கத்தலைக் கேட்டு வளர்ந்த பெண், படித்து ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போன வருஷம் பாலை நிறுத்தினாள். காரணம் கேட்டதற்கு, "அது எனக்காகக் கறந்ததில்லை மாமா" என்றாள். அதற்குமேல் பிரசங்கம் கிடையாது.

கல்யாணம் பேச வந்த இடத்தில் இது பிரச்னையாயிற்று. பிள்ளை வீட்டார் பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலுக்கு எங்களை அழைத்தார்கள். "இன்றைக்கு ஒரு நாள் பேசாமல் சாப்பிட்டுவிடு" என்று அக்காள் காரிலேயே கெஞ்சினாள். பெண் பதில் சொல்லவில்லை.

சர்வர் நல்ல பையன். "எல்லாம் சுத்த சைவம் மேடம்" என்றான். விசாரித்ததில் நான் ரொட்டி மாவில் தயிர், பருப்பில் வெண்ணெய், குருமாவில் பாலேடு, மிச்சமெல்லாம் பன்னீர். வடக்கத்திச் சமையலில் குழம்பைக் கெட்டிப்படுத்துவதே பால் வகைதான். நம் பக்கத்துப் புளியும் தேங்காயும் நல்லெண்ணெயும் செய்கிற வேலையை அங்கே எருமை செய்கிறது. பையன் மூன்று தரம் சமையலறைக்கு நடந்தான். கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த தந்தூரி ரொட்டி அகப்பட்டது.

பிள்ளையின் தாயார் கவனித்துக்கொண்டே இருந்தார். "கல்யாணத்தன்று பாலும் பழமும் கொடுப்போமே, அதற்கு என்ன செய்வாய் அம்மா?" என்றார். குரலில் கோபமில்லை, கவலைதான் இருந்தது. அக்காள் முகம் சுண்டிவிட்டது.

பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்த அத்தான் ஓர் இடத்தில் விரலை வைத்தார். ராகி முத்தெ! எங்கள் களிக்குக் கன்னடப் பெயர், தெலுங்கில் சங்கடி. ஓசூர்ப் பக்கத்தில் மூன்று பெயரும் செல்லும். விலையைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெய் இல்லாமல் கொண்டுவரச் சொன்னார்.

"நெய் விடாமல் வைத்தால் மரியாதையாக இருக்காது சார்" என்றான் பையன்.

"பரவாயில்லை தம்பி. நான் வளர்ந்ததே அதில்தான்" என்றார் அத்தான். பிறகு சம்பந்தியம்மாளிடம் திரும்பினார். "எங்கள் வீட்டில் மாடு இருந்தது அம்மா. பால் முழுவதும் ஓசூருக்குப் போய்விடும். எங்களுக்குக் களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும். அன்றைக்கு அதற்கு வறுமை என்று பேர். என் பெண் இங்கிலீஷில் வேறு பேர் சொல்கிறாள்."

மேஜையில் யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தியம்மாள் தமக்கும் ஒரு களி கேட்டார். பால் பழ விஷயம் பெரியவர்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஒரு வாரம் கழித்துச் செய்தி வந்தது: "தேங்காய்ப் பாலும் பால்தானே!" கல்யாணம் நடந்தது.

அத்தான் பெண்ணின் கட்சிக்கு மாறிவிடவில்லை. இன்றைக்கும் மத்தியானம் மோர் இல்லாமல் அவருக்கு இறங்காது. சிறுவயதில் கிடைக்காததை இப்போது ஏன் விடவேண்டும் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். இல்லாமல் இருப்பது வேறு. வேண்டாமல் இருப்பது வேறு. இல்லாமல் இருந்தவரின் மகள்தான் வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு வந்திருக்கிறாள். அந்த இடத்துக்கு அவளைக் கொண்டுவந்து சேர்த்ததும் அந்தப் பால் விற்ற காசுதான் என்பது அவளுக்கும் தெரியும்.

பால் கலவாத உணவுக்கென்று 2022-ல் அரசாங்கம் தனி விதி வகுத்திருக்கிறது. சில உயர்தர ஓட்டல்களும் பட்டியலில் தனிக் குறி போடுகின்றன. நல்ல காரியம். ஆனால் இடியாப்பமும் ஆப்பமும் தேங்காய்ப் பாலும், வற்றல் குழம்பும் புளியோதரையும் எந்தக் குறியும் இல்லாமலே நம்மிடம் எத்தனையோ காலமாக இருக்கின்றன. பெரிய ஓட்டல்கள் புதிதாகக் கற்கவேண்டியது சமையலை அல்ல. நெய் விடுவது ஒரு மரியாதை. "விடலாமா?" என்று கேட்டுவிட்டு விடுவது அதைவிடப் பெரிய மரியாதை.