வழிவிடும் அணி

சிற்றுருவப் போர்வீரர்களை மேசைமேல் நிரைநிரையாக நிறுத்திப் பண்டைப் போர்களை மீள நிகழ்த்தும் விளையாட்டினை நாங்கள் குடும்பமாக ஆடி வருகின்றோம். அதில் எங்களைப் பெரிதும் சிந்திக்க வைத்தது, ஓர் அணியின் ஊடாக மற்றோர் அணி கடந்து செல்லும் விதியாகும்.

சிதறி நின்று எறிவேல் வீசும் இலகு வீரர், தம் படையின் ஊடாக எளிதிற் பின்வாங்கலாம். தோளோடு தோள் நெருங்கி நிற்கும் காலாட்படை அவ்வாறு கடக்க முயன்றால், பொதுவாக இரு அணிகளும் குலையும்.

கி.மு. 202இல் வட ஆபிரிக்காவில் நிகழ்ந்த சாமாப் போர் இதற்குத் தக்க சான்று. உரோமத் தளபதி சிப்பியோ தன் அணிகளிடையே நேரான இடைவெளிகளை விட்டு, அவற்றில் இலகு வீரரை நிறுத்தினான். பாய்ந்து வந்த யானைகளுட் பல அவ்வழியே கடந்து சென்றன. எதிரே, ஹனிபாலின் முன்வரிசைக் கூலிப்படையினர் பின்வாங்கியபோது, பின்நின்ற தம் படையினரோடே பொருதினர் என்று வரலாற்றாசிரியர் பொலிபியசு எழுதியுள்ளார். இறுதி வரிசையினரோ, ஓடிவந்தோர் உட்புகாதவாறு ஈட்டிகளை நீட்டினர்.

ஹனிபால் பக்கம் ஆடும் எங்கள் மகள், இப்பொழுது படையை நிறுத்துமுன் இடைவெளியையே அளக்கின்றாள். “களைத்து வருபவர்கள் எந்த வழியாற் போவார்கள், அப்பா?” என்பது அவள் வினா.

மாணவச் செல்வங்களே, போர் மூண்டபின் வழி திறத்தல் அரிது. அணிவகுக்கும்பொழுதே அதனை வகுத்தல் வேண்டும்.