உலகின் தலைசிறந்த ராக் கிட்டாரிஸ்ட் யார்? ஒரு கேஷுவாலிட்டி டாக்டரின் ஓட்டு



எப்பவும் சுகர், பிரஷர்னு பேசுற இடத்துல இன்னைக்கு கொஞ்சம் ராக் இசை. பயப்படாதீங்க, கடைசியில மருத்துவத்துக்கே வந்துடுவேன்.

ராக் கேட்கிறவங்க நாலு பேர் ஒண்ணா உட்கார்ந்தா இந்தச் சண்டை வராம இருக்காது.

"எல்லா காலத்துக்கும் பெரிய கிட்டாரிஸ்ட் யாரு?"

எங்க எம்பிபிஎஸ் ஹாஸ்டல்ல அனாடமி பரீட்சைக்கு முந்தின ராத்திரி கூட இந்தச் சண்டை ஓடியிருக்கு.

ஒருத்தன் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்பான். வலக்கைக்காரர்களுக்கான கிட்டாரைத் தலைகீழாத் திருப்பி இடக்கையால வாசிச்சவர். 1970ல் 27 வயசுலயே போய்ச் சேர்ந்துட்டார். 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை 2003லயும் 2023லயும் போட்ட பட்டியல்கள்ல அவருக்குத்தான் முதலிடம்.

இன்னொருத்தன் லெட் செப்பலின் ஜிம்மி பேஜ் என்பான். மூணாவது ஆள் எட்டி வான் ஹேலன். கிட்டார் கழுத்துல ரெண்டு கை விரலாலயும் தட்டி வாசிக்கிற முறையை ஊரெல்லாம் பரப்பினவர்.

நான் அப்போ ஹெண்ட்ரிக்ஸ் கட்சி. இப்போ கட்சி மாறிட்டேன்.

என் ஓட்டு, பிளாக் சாபத் குழுவின் டோனி அயோமிக்கு.

ஏன்னு சொல்றேன்.

வருஷம் 1965. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம். அயோமிக்கு 17 வயசு. இரும்புத் தகடு வெட்டுற தொழிற்சாலையில வேலை. முழுநேர இசைக்குப் போகப்போறதால அன்னைக்குத்தான் வேலையில கடைசி நாள்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனசில்லை. வேலையை ஒழுங்கா முடிச்சுட்டு வான்னு அம்மா அனுப்பி வைக்கிறார்.

அன்னைக்கு வராத ஒருத்தருக்குப் பதிலா, பழக்கமில்லாத மெஷின்ல நின்னார். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போச்சு.

வலது கைதானேன்னு நினைக்காதீங்க. அயோமி இடக்கைப் பழக்கம் உள்ளவர். அவர் தந்தியை அழுத்துறது வலது கை விரலால.

இனி வாசிக்க முடியாதுன்னு டாக்டர்கள் சொல்லிட்டாங்க.

வீட்ல முடங்கிக் கிடந்தவரைப் பார்க்க தொழிற்சாலை மேனேஜர் ஒரு இசைத்தட்டோட வந்தார். போட்டுக் கேட்கச் சொன்னார். வாசிச்சது ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928ல் வண்டி வீட்டுல பிடிச்ச தீயில இடது கை கருகி, மோதிர விரலும் சுண்டு விரலும் சரியா வேலை செய்யாமப் போன ஜாஸ் கலைஞர். மீதி இரண்டு விரலை வச்சே ஓடி ஓடி வாசிச்சவர்.

அயோமி பாத்திரம் கழுவுற திரவம் வர்ற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கினார். விரல் நுனிக்குத் தொப்பி மாதிரி செஞ்சு, அரத்தால தேய்ச்சு, மேல தோல் ஒட்டினார்.

நம்ம விரல் நுனியில தொடு உணர்வு நரம்புகள் அவ்வளவு நெருக்கமா இருக்கு. அதை மூடிட்டா தந்தி எங்க இருக்குன்னு விரலுக்குத் தெரியாது. காதுதான் வழி காட்டணும்.

கெட்டித் தந்தியை அழுத்தினா வலி. அதனால பாஞ்சோ வாத்தியத்தோட மெல்லிய தந்தியைக் கட்டினார். பிறகு சுருதியையும் இறக்கினார். 1971ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்துல பல பாட்டுக்கு மூணு அரைச்சுரம் இறக்கம். கணக்குப் போட்டா தந்தியின் இழுவிசை சுமார் 30 சதவீதம் குறையும்.

தந்தி தளர்ந்துச்சு, ஓசை கனத்துச்சு. இன்னைக்கு ஹெவி மெட்டல்னு நாம கேட்கிற அந்த இருண்ட, கனமான சத்தத்துல அந்த வெட்டுப்பட்ட விரல்களுக்கும் பங்கு இருக்கு.

இப்போ என் கதை.

சில வருஷம் முன்னாடி நைட் டியூட்டி. பிரஸ் மெஷின்ல இரண்டு விரல் நுனி நசுங்கி ஒரு தம்பி வந்தார். இருபது வயசு இருக்கும். கட்டுப் போடும்போது கேட்டார்.

"சார், இந்தக் கையால மறுபடி வேலை செய்ய முடியுமா?"

வெளிய இன்னும் ஆறு பேர் காத்திருந்தாங்க. நான் நிமிர்ந்து கூட பார்க்காம, "கஷ்டம்ப்பா. வேற வேலை பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டேன்.

அவர் அதுக்கப்புறம் எதுவுமே பேசலை.

ஒரு வருஷம் கழிச்சு அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க ஓபிக்குக் கூட்டிட்டு வந்தார். மாத்திரை அட்டையை அதே விரலால பிரிச்சு அம்மா கையில கொடுத்தார். அதே பட்டறைதான், அதே வேலைதான்னார்.

"நீங்க சொன்னதைக் கேட்டு மூணு மாசம் வீட்லயே கிடந்தேன் சார்" என்றார். கோபமா சொல்லலை. அதுதான் ரொம்ப வலிச்சது.

அயோமி கதை எனக்கு அன்னைக்கும் தெரியும். ஆனா நான் அந்த மேனேஜரா இருக்கலை. முடியாதுன்னு சொன்ன டாக்டர் கூட்டத்துல ஒருத்தனா இருந்துட்டேன்.

பொய் நம்பிக்கை கொடுக்கணும்னு சொல்லலை. "இப்போ சொல்ல முடியாது, காயம் ஆறட்டும், பயிற்சி கொடுத்துப் பார்ப்போம்"னு சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும் கூட.

கடைசியா, விரல் துண்டானா செய்ய வேண்டியது:

▪️ காயத்தைச் சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சு கையை உயர்த்தி வையுங்க. மஞ்சள், காபித்தூள் வேண்டாம்.

▪️ துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில சுத்தி, தண்ணி புகாத பிளாஸ்டிக் கவர்ல போடுங்க.

▪️ அந்தக் கவரை ஐஸ் கலந்த தண்ணியில வையுங்க. விரல் நேரடியா ஐஸ்லயோ தண்ணியிலயோ படக் கூடாது.

▪️ 108ஐ கூப்பிடுங்க. மோதிரம் இருந்தா வீங்குறதுக்கு முன்னாடி கழட்டிடுங்க.

எல்லா விரலையும் ஒட்ட வைக்க முடியாது. நசுங்கினது ரொம்பக் கஷ்டம். ஆனா முடியுமா முடியாதான்னு பார்க்கவாவது துண்டு பத்திரமா வந்து சேரணும்.

சரி, ஹெண்ட்ரிக்ஸ் ரசிகர்கள் இப்போ சண்டைக்கு வரலாம். நாளைக்கு டியூட்டி ஆஃப், பொறுமையா பதில் சொல்றேன்.