புளூடூத் ஹெட்செட்டுக்கு டிரைவர் தேடி அலையும் பெற்றோருக்கு



2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. திகனயில் எங்கள் வீடுகளில் உள்ள பழைய லெப்டொப்களில் கனக்கவற்றில் வின்டோஸ் 11 ஏறாது, டிபிஎம் 2.0 இல்லை என்று சொல்லும். அதனால் எங்களிடம் வந்தவற்றுக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தோம். சூம் ஓடுகிறது, பிரவுசர் ஓடுகிறது. ஆனால் திரும்பத் திரும்ப ஒரே முறைப்பாடு: "டீச்சர், ஹெட்செட்டுக்கு டிரைவர் இல்லையாம்."

ஒரு ராத்தாவின் மகள் ஏ.எல். வகுப்பை ஒன்லைனில் படிக்கிறாள். வீடு சின்னது, தம்பிமாரின் சத்தம், ஹெட்செட் இல்லாமல் முடியாது. அவள் பதில் சொன்னாலும் அந்தப் பக்கம் கேட்கவில்லை. கேள்வி கேட்டால் வாயே திறக்காத பிள்ளை என்று பெயர் வந்துவிட்டது. கடையில் காட்டினால், திரும்ப வின்டோஸ் போடவேண்டும் என்று காசு கேட்டார்களாம்.

டிரைவர் என்று ஒன்றை இறக்கத் தேவையே இல்லை. லினக்ஸில் அது கேர்னலுக்குள்ளேயே இருக்கிறது. இணைப்பை புளூஸ் பார்த்துக்கொள்ளும், சத்தத்தை பைப்வயர் பார்த்துக்கொள்ளும். மின்ட் 22இல் பைப்வயர் தானாகவே வரும். 21இல் பழைய பல்ஸ்ஓடியோதான், ஆகவே முதலில் 22க்கு மாறுங்கள்.

பிரச்சினை வேறு இடத்தில். புளூடூத் ஹெட்செட்டுக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஏ2டிபி பாதையில் சத்தம் அருமை, ஆனால் மைக் இல்லை. எச்எஸ்பி/எச்எப்பி பாதையில் மைக் உண்டு, ஆனால் சத்தம் தொலைபேசி மாதிரி இறங்கிவிடும். சூம் மைக்கைக் கேட்டதும் சத்தம் கெட்டுப்போவது இதனால்தான், ஹெட்செட் பழுதில்லை. வின்டோஸிலும் இதே கதைதான்.

சொப்ட்வெயார் மேனேஜரில் பல்ஸ்ஓடியோ வொல்யூம் கன்ட்ரோல் இருக்கிறது, போடுங்கள். கன்பிகரேஷன் பக்கத்தில் ஹெட்செட்டின் பெயருக்குக் கீழே எச்எஸ்பி/எச்எப்பியைத் தெரிவு செய்யுங்கள். அதில் எம்எஸ்பிசி என்று ஒன்று காட்டினால் அதுவே வேண்டும். 16 கிலோஹேர்ட்ஸ், பேச்சு தெளிவாக விளங்கும். சிவிஎஸ்டி 8 கிலோஹேர்ட்ஸ்தான். பிறகு சூமிலும் மைக்காக ஹெட்செட்டையே குறியுங்கள். அந்தப் பிள்ளைக்கு இதுதான் விடுபட்டிருந்தது. இப்போது அவளது குரல் வகுப்பில் கேட்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ராகமாக ஓதுவதைக் கேட்க, பயான் கேட்க என்றால் ஏ2டிபியிலேயே விட்டுவிடுங்கள். பேசவேண்டி வந்தால் லெப்டொப்பின் சொந்த மைக்கைப் பாவிக்கலாம், வீடு அமைதியாக இருந்தால்.

இணையவே மாட்டேன் என்றால், வாப்பாவின் போனில் அது முன்பே இணைந்திருக்கும். அங்கே புளூடூத்தை நிறுத்திவிட்டு முயலுங்கள். லெப்டொப்பில் புளூடூத்தே இல்லாவிட்டால் சின்ன யுஎஸ்பி டொங்கிள் வாங்கலாம். ஆனால் சிஎஸ்ஆர் சிப் என்று வரும் மலிவான போலிகள் லினக்ஸில் தொல்லை தரும், கவனம். 2.4 கிகாஹேர்ட்ஸ் டொங்கிளோடு வரும் ஹெட்செட் என்றால் பெரும்பாலும் செருகினாலே போதும்.

லினக்ஸ் நமக்கு அந்நியம் என்று சிலர் நினைக்கிறார்கள். கண்டிக்குப் பக்கத்து ஹந்தான மலையின் பெயரிலேயே பெடோராவை வைத்து ஹந்தான லினக்ஸ் என்று ஒன்றை நம் நாட்டவர்கள் செய்தார்கள்.

வின்டோஸுக்குக் காசு கொடுக்க முன் லெப்டொப்பை ஒருதடவை எங்களிடம் காட்டுங்கள். ஹெட்செட்டையும் சார்ஜ் செய்து கொண்டுவாருங்கள்.