விலை எங்கே போட்டிருக்கிறது?

மார்ச் 3, திங்கள்

மதுரைச் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு நெசவாளர் சங்கத்துக்கு வலைத்தளம். செயலாளர் ஒரு மாதிரி காட்டினார். திரை முழுக்கச் சேலைப் படம், அதன் மேல் வெளிறிய சாம்பலில் மெல்லிய எழுத்து. அவர் ஆசை நியாயமானது. கண்ணுக்குப் பிடிக்காத சேலையை யாரும் விலை கேட்பதில்லை. ஆனால் டபிள்யூ.சி.ஏ.ஜி. என்னும் இணைய அணுகல் நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கிறது. வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல்தான் எல்லை. அதற்கு மேல் வெளுத்தால் தேறாது. படத்தின் மேல் எழுதினாலோ, ஒரே வரியில் பாதி தெரியும், பாதி தெரியாது.

மார்ச் 5, புதன்

மாலை முழுவதும் எழுத்துருக்களோடு போயிற்று. மெலிந்த எழுத்துருவைச் சிறிதாக வைத்தால் மெய்யெழுத்தின் புள்ளிதான் முதலில் மறைகிறது. ‘கல்’ என்பதைக் ‘கல’ என்று படிக்கிறோம். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் தமிழ் நெரிபடுகிறது. மேல் வரியில் ‘கூ’வின் வால் இறங்க, கீழ் வரியில் ‘கி’யின் வளைவு ஏறி இடிக்கிறது. எழுத்தைச் சற்றுத் தடித்ததாக்கி, வரி உயரத்தை எழுத்தளவைப் போல 1.7 மடங்கு வைத்ததும் பக்கம் மூச்சு விட்டது. படிக்கவும் சுலபம், பார்க்கவும் அழகு.

மார்ச் 8, சனி

செயலாளர் கேட்ட மாதிரியையே கட்டி, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் போனைக் கொடுத்தேன். “இந்தச் சேலை என்ன விலைன்னு பார்த்துச் சொல்லுங்க பெரியம்மா.” படத்தைத் தொட்டார், தள்ளினார், மறுபடி தொட்டார். மெனுவைத் திறக்க மூலையில் இருந்த மூன்று கோடுகள் பக்கம் விரல் போகவே இல்லை. “ரொம்ப அழகா இருக்குப்பா. விலை எங்க போட்டிருக்கு?”

1995-இல் ஹிட்டாச்சி வடிவமைப்பு மையத்தைச் சேர்ந்த குரோசுவும் காஷிமுராவும் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. ஏ.டி.எம். திரைக்கான 26 அமைப்புகளை 252 பேரிடம் காட்டினார்கள். அழகாகத் தெரிந்தவற்றைப் பயன்படுத்தவும் எளிது என்றே பலர் மதிப்பிட்டார்கள். அழகு மனிதரைப் பொறுமையாக்குகிறது, குறையையும் மறைத்துவிடுகிறது. அதனால் “நல்லா இருக்கா?” என்று கேட்டுப் பயனில்லை. ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் விரலைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

எதை வைப்பது, எதை எடுப்பது என்று இன்று தெளிந்தது. துணியைக் கிள்ளி, நூலால் முடிந்து, சாயத்தில் தோய்த்துப் பிறப்பது சுங்குடிப் புள்ளி. ஒன்று போல ஒன்று இருக்காது. அச்சடித்த சேலையிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவதே அந்தச் சமமின்மைதான். ஆகவே பெரிய, நெருக்கமான படம் அலங்காரமில்லை. வாங்குபவருக்கு அதுதான் சான்று. அது இருக்கட்டும். தானாக நகரும் படவரிசை எதையும் சொல்வதில்லை, போகட்டும். விலையும் நீளமும் படத்துக்கு நேர்கீழே, வெள்ளைப் பின்னணியில். பொத்தானுக்குச் சேலையின் அரக்குச் சிவப்பு, அதில் வெள்ளை எழுத்து.

மார்ச் 12, புதன்

புதிய வடிவில் பெரியம்மா விலையை உடனே வாசித்தார். படத்தைப் பெரிதாக்கி முடிச்சுப் புள்ளிகளையும் பார்த்தார். செயலாளரிடம் இரண்டு வடிவங்களையும் வெயிலில் நின்று காட்டினேன். இரண்டாவதைத் தேர்ந்தார். அடுத்து பணம் செலுத்தும் பக்கம். 2023-இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2, தொடும் இடத்துக்குக் குறைந்தது 24 பிக்சல் சதுரம் கேட்கிறது. நான் 48 வைக்கப் போகிறேன். பணம் கொடுக்கும் இடத்தில் விரல் தடுமாறவே கூடாது.