ஏட்டில் படித்த வசந்தம்

பள்ளிக்கூடத்தில் கணக்கு எனக்கு வராது. ஆனால் ரெசித்தாசியோனில், அதாவது மனப்பாடமாக ஒப்பிப்பதில், என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பிரெஞ்சு மீடியத்தில் படித்த பாண்டிக்காரர்களுக்கு அந்த நோட்டு நினைவிருக்கும். ஒரு பக்கம் பாட்டு, எதிர்ப் பக்கம் அதற்கேற்ற படம். வசந்த காலத்தைப் பற்றிய பாட்டு என்றால் எல்லாரும் ஒரே படத்தைத்தான் போடுவோம். வெள்ளையாகப் பூத்த ஒரு மரம், பச்சைப் புல், கூரையோரம் வால் பிளந்த குருவி ஒன்று. அந்த மரத்தை எங்களில் ஒருவனும் பார்த்ததில்லை. வாத்தியாரும் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். எங்களுக்குத் தெரிந்த பருவங்கள் வெயில், கத்திரி வெயில், ஐப்பசி மழை, மார்கழிப் பனி. 'பிரேந்தான்' என்பது கப்பலேறிப் போகிறவர்களுக்கு என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் வீட்டிலிருந்து அப்படிக் கப்பலேறிப் போனவர் என் அண்ணன்.

1962 ஆகஸ்ட் 16 பற்றி இந்த ஊர் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒப்பந்தம் அமலுக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர் பிரெஞ்சுக்காரர், கொடுக்காதவர் இந்தியர். மில்லில் வேலை பார்த்த அப்பா, "பொறந்த மண்ணை எழுதிக் குடுத்துட்டா வாங்க முடியும்?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கும் வழக்கம்போல் ஷிப்டுக்குப் போனார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா எந்தப் பக்கமோ நானும் அந்தப் பக்கம். அண்ணனுக்கு இருபது. அவர் யாரிடமும் சொல்லாமல் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். இரண்டு வருடம் கழித்து சொல்தாவாகப் புறப்பட்டுப் போனபோது அப்பா வாசலுக்கு வரவில்லை.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றதும் அண்ணன் கோர்சிகாத் தீவில், அண்ணியின் சொந்த கிராமத்தில் குடியேறினார். அங்கிருந்து ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு கவர் வரும். உள்ளே அழுத்திக் காயவைத்த ஒரு பூ. கூடவே 'பூத்துவிட்டது' என்று ஒற்றை வார்த்தை. நான் பதில் போட்டதே கிடையாது. 1979-ல் அப்பா இறந்தபோது தந்தி கொடுத்தும் அவர் வரவில்லை. கொள்ளி வைத்தவன் நான், கடனை அடைத்தவன் நான், தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்தவன் நான். அரசாங்க அலுவலகத்தில் எல்.டி.சி. சம்பளத்தில், பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, அந்தப் பூவைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். தான் வசந்தத்தில் இருப்பதை எனக்குக் காட்டுகிறார் என்று தோன்றும். இடையில் ஒரு தடவை வந்தார். நான்கு நாள் ஓட்டலில் தங்கினார். மரியாதையாகப் பேசிக்கொண்டோம், அவ்வளவுதான்.

2019-ல் அவருடைய மகன் டிக்கெட் எடுத்து அனுப்பினான். "சித்தப்பா, அப்பாவுக்கு எழுபத்தேழு ஆகுது. இந்த ஏப்ரல் வந்துடுங்க" என்றான். நான் தயங்கினேன். வீட்டில்தான், "போய்ட்டு வாங்க, இன்னும் எத்தனை ஏப்ரல்?" என்று சொல்லிப் பெட்டியைக் கட்டினாள். வடகம், ஊறுகாய், ஒரு டப்பா நிறையக் காய்ந்த வேப்பம்பூ.

மர்சேயில் இரவு கப்பலேறினால் காலையில் லில் ரூஸ் துறைமுகம். சிவந்த பாறைகள் இருப்பதால் அந்தப் பெயர். கோர்சிகாவின் தலைவர் பஸ்கால் பவோலி 1758-ல் உண்டாக்கிய ஊர். விடியற்காலை மேல்தளத்தில் நின்றேன். கரை இன்னும் சரியாகத் தெரியவில்லை, ஆனால் வாசனை வந்துவிட்டது. தேனும் பிசினும் மிளகும் கலந்தாற்போல ஒரு நெடி. அந்தத் தீவில் பிறந்த நெப்போலியன், கண்ணை மூடிக்கொண்டாலும் வாசனையை வைத்தே கோர்சிகாவைத் தெரிந்துகொள்வேன் என்றாராம். அதைப் படித்தபோது அளப்பு என்று நினைத்தேன். அளப்பு இல்லை.

அந்த வாசனைக்குக் காரணம் 'மக்கி' என்கிற புதர்க்காடு. மலைச்சரிவு முழுக்க ஆள் உயரத்துக்கு அடர்ந்து கிடக்கிறது. ஏப்ரலில் அத்தனையும் பூ. கசக்கிய பட்டுத்துணிபோல வெள்ளையும் ரோஸுமாக சிஸ்த், முள்ளோடு மஞ்சளாகப் பூக்கும் ஒரு செடி, ஊதா நிறத்தில் காட்டு லவாந்து. பாதையோரம் நீளத் தண்டில் வெள்ளை நட்சத்திரங்களைக் கோத்தாற்போல அஸ்ஃபோடேல். அண்ணன் அனுப்பிய பூ எது என்று கார் ஜன்னல் வழியாகவே தெரிந்துவிட்டது. கவரில் பழுப்பாக வந்தது சிஸ்த். செடியில் பார்த்தால் வேறு பூ.

கிராமத்தின் பெயர் ஸ்பெலொன்காத்தோ. பலாஞ் என்ற பகுதியில், கீழே கடல் தெரிகிற ஒரு பாறைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அடியில் குகைகள் இருப்பதால் அந்தப் பெயர் வந்ததாம். கருங்கல் வீடுகள், வளைவுக்கு அடியில் நுழைந்து போகும் சந்துகள், நடுவில் ஒரு சதுக்கம், அதில் தண்ணீர் கொட்டும் தொட்டி. பின்னால் உயர்ந்த மலைகளின் உச்சியில் இன்னும் பனி. கூரையோரத்தில் வால் பிளந்த குருவிகள் பறந்துகொண்டிருந்தன. என் நோட்டுப் படம்! அறுபது வருடம் கழித்துப் பார்க்கிறேன். தொண்டை அடைத்துக்கொண்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "ரொம்ப ஏத்தமா இருக்கே அண்ணே, எப்படி நடக்கறீங்க?" என்று கேட்டேன்.

முதல் ஒரு வாரம் அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு சுற்றினார். காலையில் இடையர் ஒருவர் வீட்டிலிருந்து 'புரோச்' வாங்கி வருவோம். பாற்கட்டி செய்தபின் நிற்கும் தெளிநீரில் கொஞ்சம் பால் சேர்த்துக் காய்ச்சி எடுக்கிற வெள்ளைக்கட்டி. ஆட்டுப்பால்தான். ஆடு பச்சை மேய்கிற குளிர்காலத்திலிருந்து கோடைத் தொடக்கம் வரைதான் கிடைக்கும். அதில் முட்டையும் எலுமிச்சைத் தோலும் போட்டு அண்ணி 'ஃபியாதோன்' என்று ஒரு கேக் செய்வார். சர்க்கரை இருப்பதை மறந்து இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

ஒரு நாள் பூக்கள் அடர்ந்த சரிவைப் பார்த்து, "இவ்வளவு அழகு நான் எங்கேயும் பார்த்ததில்லை" என்று அண்ணியிடம் பிரெஞ்சில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "புதருக்குள் உற்றுப் பார்" என்றார். பார்த்தேன். பூச்செடிகளுக்கு அடியில் வரிசை வரிசையாகக் கல் வரப்புகள். மலையைப் படிப்படியாக வெட்டிக் கல் அடுக்கி, ஒரு காலத்தில் கோதுமையும் பார்லியும் போட்ட வயல்கள். உழுகிற கை இல்லாமல் போன நிலத்திலும் தீப்பிடித்து எரிந்த நிலத்திலும் முதலில் வந்து குடியேறுகிற செடிகளில் ஒன்றுதான் சிஸ்த். "நாங்கள் போனோம், அது வந்தது. நீ பார்க்கிற அழகு அதுதான்" என்றார்.

எங்கே போனார்கள்? 1914 யுத்தத்துக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. மிச்சம் இருந்தவர்களுக்கு மலை சோறு போடவில்லை. போலீஸ், பட்டாளம், சுங்கம் என்று சர்க்கார் உத்தியோகம் தேடிப் போனார்கள். பிரான்ஸின் காலனி நாடுகளில் உத்தியோகம் பார்த்தவர்களில் அந்தச் சின்னத் தீவுக்காரர்கள் அவர்கள் தொகைக்கு மிஞ்சிய அளவில் இருந்தார்கள். அண்ணியின் தாத்தாவும் இந்தோசீனாவில் உத்தியோகம் பார்த்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர்தான். அவர் வந்து சேர்ந்தபோது வரப்பு இடிந்திருந்தது என்றார் அண்ணி.

எனக்கு நம் ஊர் நினைவு வந்தது. இங்கேயும் எத்தனை சொல்தா வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, வாசலில் பெயர்ப்பலகை மட்டும் தொங்க. மலைக்காரர்கள் கிழக்கே வந்தார்கள், நம் பிள்ளைகள் மேற்கே போனார்கள். இரண்டு பக்கமும் வீட்டில் ஒருவன் தங்கி, போனவனைத் திட்டிக்கொண்டிருந்திருப்பான்.

ஏப்ரல் 8-ஆம் தேதி. அன்றைக்காகத்தான் என்னை வரவழைத்ததே. ஊருக்கு எதிர்ப்புறம் மேற்கே உள்ள மலைமுகட்டில் பியெத்ரா தஃபோனாத்தா என்று ஒரு பாறை, அதாவது ஓட்டைக்கல். வருடத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் 8 வாக்கிலும் செப்டம்பர் 8 வாக்கிலும், சூரியன் அந்த முகட்டுக்குப் பின்னால் அஸ்தமித்தபின், அந்த ஓட்டை வழியாகக் கொஞ்ச நேரம் மறுபடி தெரியும். வானத்தில் மேகம் இருந்தால் அதுவும் இல்லை.

சதுக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அக்கம்பக்கத்துக் கிழவர்களும் சில வெளியூர்க்காரர்களும் வந்திருந்தார்கள். வெயில் இறங்கியது. முகட்டைத் தொட்டது. மறைந்தது. சட்டென்று குளிர் வந்து, கல் சுவரெல்லாம் சாம்பல் நிறமாயிற்று. அந்த இருட்டு கொடுத்த தைரியம்தான் என்று நினைக்கிறேன். நாற்பது வருடமாக வயிற்றில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அப்பா போனப்ப ஏன் அண்ணே வரல?"

தந்தி தாமதமாகக் கிடைத்தது, லீவு தரவில்லை, இப்படி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அண்ணன் முகட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "வந்திருக்கலாம்டா. கேட்டிருந்தா லீவு குடுத்திருப்பாங்க. அப்பா வாசலுக்கு வராம என்னை அனுப்பினாரு. அவர் இல்லாத வாசல்ல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்து நிக்கறதுன்னு வரல. தப்புதான்."

தயாராக வைத்திருந்த பதில் எதற்கும் உதவவில்லை. அப்போது யாரோ "வருது, வருது" என்றார்கள். ஓட்டையில் முதலில் ஒரு பொறி. பிறகு நேரே நம் முகத்தில் அடிக்கிறாற்போல் வெளிச்சம். தண்ணீர்த்தொட்டியும் சுவர்களும் அண்ணனின் நரைத்த தலையும் ஆரஞ்சு நிறமாயின. அவர் கண்ணில் தண்ணீர். வெயில் பட்டதால் என்று நான் வைத்துக்கொண்டேன், அவரும் அப்படியே வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம்தான். பிறகு உண்மையாகவே இருட்டிவிட்டது. "பார்த்தியா, இதுக்குத்தான் வரச் சொன்னேன்" என்றார். நாற்காலிகளை உள்ளே எடுத்துப் போட்டோம்.

அன்று இரவு வேப்பம்பூ டப்பாவைக் கொடுத்தேன். மூடியைத் திறந்து மூக்கருகில் வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. "சித்திரை பொறக்கப்போகுதுல்ல? நம்ம கொல்லையில இந்நேரம் வாசல் வரைக்கும் கொட்டிக் கிடக்கும். அம்மா துணிய விரிச்சி வைக்கும்" என்றார். "இங்க எல்லாப் பூவும் இருக்குடா. இது ஒண்ணு இல்ல. ஒவ்வொரு ஏப்ரலும் உனக்கு ஒரு பூ அனுப்புவேன். நீயும் இதுல ரெண்டு உதிர்ந்தத கவர்ல போட்டு அனுப்புவேன்னு பார்த்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. நமக்கு வசந்தமே கிடையாது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். தினமும் வேப்பம்பூவை மிதித்துக்கொண்டுதான் ஆபீசுக்குப் போனேன். அதைப் பெருக்கித் தள்ளுகிற குப்பை என்று நினைத்தேனே தவிர, எங்கேயோ ஒருவர் அதற்காகக் கவர் வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பார் என்று தோன்றவில்லை. மறுநாள் அண்ணி வாங்கி வந்த தக்காளியில் நானே வேப்பம்பூ ரசம் வைத்தேன். அண்ணி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அண்ணன் மூன்று தடவை வாங்கிக் குடித்தார்.

அடுத்த ஏப்ரலில் கொரோனா. விமானமும் இல்லை, தபாலும் சரியாகப் போகவில்லை. ஆனாலும் 2021-ல் ஒரு கவர் அனுப்பினேன். உதிர்ந்த வேப்பம்பூ, கூடவே 'பூத்துவிட்டது' என்று ஒற்றை வார்த்தை. கிடைத்தது என்று போனில் சொன்னார். அந்த வருடக் கடைசியில் அண்ணன் போய்விட்டார். அவர் விருப்பப்படி அந்தக் கிராமத்திலேயே அடக்கம். இந்தத் தடவையும் என்னால் வாசலில் நிற்க முடியவில்லை. போக நினைத்தும், உடம்பு இடம் கொடுக்கவில்லை.

கவர் அனுப்புவதை நான் நிறுத்தவில்லை. இப்போது அண்ணி பெயருக்குப் போகிறது. அங்கிருந்து சிஸ்த் பூ வருகிறது. வெளிநாட்டில் உங்களுக்கும் ஒரு அண்ணனோ தம்பியோ இருந்து, பேச்சு நின்றுபோயிருந்தால், இந்தப் பங்குனியில் வாசலில் கொட்டிக் கிடப்பதில் இரண்டை எடுத்து அனுப்பிப் பாருங்கள். தபால் செலவு பெரிதில்லை.