ஷேல் எண்ணெயில் நைட்ரஜன்: சில குறிப்புகள்

கொலராடோவின் கிரீன் ரிவர் பாறை. உள்ளே இருப்பது எண்ணெய் அல்ல, கெரோஜன். சுமார் 500 டிகிரியில் வறுத்தால்தான் உடைந்து எண்ணெயாக வடியும். வடக்கு டகோட்டாவில் பாறையைப் பிளந்து எடுக்கும் இலேசான எண்ணெய் வேறு சரக்கு. இதோடு சேர்த்துப் பேசக் கூடாது.

வறுத்து வடித்த ஷேல் எண்ணெய் கரும்பழுப்பு. மெழுகு மிகுதி, குளிரில் குழாயிலேயே உறையும். கந்தகம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. தொல்லை நைட்ரஜன்தான்: எடையில் ஏறக்குறைய 2 சதவீதம். சாதாரணக் கச்சா எண்ணெயைவிடப் பல மடங்கு.

பெரிய மூலக்கூறுகளைப் பெட்ரோலாக உடைப்பவை ஜியோலைட் வினையூக்கியின் அமில முனைகள். இந்த எண்ணெயில் உள்ள பிரிடின், குயினோலின் போன்ற நைட்ரஜன் சேர்மங்கள் காரங்கள். அவற்றின் நைட்ரஜன் அணு தன் எலக்ட்ரான் இணையோடு அமில முனையில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த முனை அதோடு அடைபட்டது. நீண்ட சங்கிலிகள் உடையாமல் கடந்துபோகும்.

ஆகவே முதலில் ஹைட்ரஜன். அலுமினா மேல் நிக்கல்–மாலிப்டினம் சல்பைடு, 100 வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம், 400 டிகிரியை ஒட்டிய சூடு. நைட்ரஜன் அமோனியாவாக வெளியேறும், ஆனால் கந்தகம் போல எளிதில் அல்ல. நைட்ரஜன் அமர்ந்திருக்கும் வளையத்தை ஹைட்ரஜனால் நிரப்பிய பிறகே கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு அறும். பணம் கரைவது இங்கேதான்.

அதற்கும் முன்னால் ஆர்செனிக். பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான், ஆனால் நிக்கலோடு சேர்ந்தால் சேர்ந்ததுதான். கரி படிந்தால் எரித்து எடுக்கலாம், இதை முடியாது. அதனால் முன்வரிசையில் ஒரு காவல் படுகை, ஆர்செனிக்கை வாங்கிக்கொள்வதற்கென்றே. இந்த ஏற்பாட்டில் என் மரியாதை முழுவதும் அதற்குத்தான். ஒரு சொட்டுப் பெட்ரோலும் அதன் கணக்கில் வராது. ஆனால் பின்னால் நிற்கும் விலையுயர்ந்த வினையூக்கி பிழைப்பது அதனால்.

ஹைட்ரஜன் ஏற்றும் உலைக்குப் பின்னால் உள்ள குளிர்விப்பான் குழாய்கள்: அமோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்து உப்பாகப் படியும். தண்ணீர் செலுத்திக் கரைக்க வேண்டும். அந்த நாற்ற நீருக்குத் தனிச் சுத்திகரிப்பு.

ஆக்டேனை உயர்த்தும் பிளாட்டினம் வினையூக்கி இன்னும் கண்டிப்பு: நைட்ரஜன் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். மூல எண்ணெயில் இருந்ததோ சுமார் 20,000 பங்கு!

முயன்று பார்த்தவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவின் கிளென் டேவிஸில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஷேலிலிருந்து பெட்ரோல் எடுத்தார்கள், 1952-இல் மூடினார்கள். கொலராடோவின் காலனி ஷேல் எண்ணெய்த் திட்டத்தை எக்ஸான் 1982 மே 2 அன்று கைவிட்டது. 2,000-க்கும் மேற்பட்டோருக்கு வேலை போனது.

இந்த எண்ணெயை வலிந்து பெட்ரோலாக்குவதைவிட டீசலாகவும் விமான எரிபொருளாகவும் மாற்றுவதே முறை என்று படுகிறது. நைட்ரஜனை எடுக்கும் செலவு அப்போதும் உண்டு. ஆனால் ஹைட்ரஜன் ஏற்றிய நீண்ட சங்கிலிகளை மறுபடி உடைக்க வேண்டியதில்லை.