80-ல் உட்கார்ந்திருந்தது யாரு?

2009-ல் நடந்த கூத்து இது. செம்பாக்கம் வீடு, ராத்திரி பதினோரு மணி. விடிஞ்சா தங்கச்சிக்கு காலேஜில் ப்ராஜெக்ட் ரிவ்யூ. அப்பாச்சி கிளம்பவே மாட்டேங்குது. ரெண்டு தடவை அழிச்சுட்டு மறுபடி நிறுவியாச்சு. அவ கண்ணுல தண்ணி.

அப்புறம்தான் நமக்கு புத்தி வந்து 'நெட்ஸ்டாட்' போட்டுப் பார்த்தேன். 80-ம் போர்ட்டில் ஏற்கெனவே ஒருத்தர் ஜம்முனு உட்கார்ந்திருக்கார்! கடைசியில் இருந்த எண்ணை டாஸ்க் மேனேஜரில் தேடினா, அம்மா அமெரிக்காவில் இருக்கிற அண்ணனோட பேசுற மென்பொருள்.

"அதை மூடாதேடா, இப்போ கூப்பிடுவான்."

சரிதான். கான்ஃபிக் ஃபைலில் 'லிசன் 80'ஐ 8080 ஆக்கி, முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் பக்கத்தில் முக்காற்புள்ளி போட்டு 8080 அடிச்சேன். பக்கம் வந்துடுச்சு!

அண்ணனும் கூப்பிட்டான். "இன்னும் தூங்கலையா நீங்க?"